காந்த எழுதுபலகை

காந்த முனை வைத்த எழுதுகோலால் எழுதி, பலகைக்குள் ஓடும் காந்தப் பட்டையை இழுத்து அழிக்கும் சிறுவர் விளையாட்டுப் பொருள். மை, சுண்ணக்கட்டி, மின்கலம் எதுவும் வேண்டாதது. பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்காக விற்கப்படுவது. கடையில் ‘மேஜிக் சிலேட்டு’ என்று கேட்டால் இதையும் எடுத்துத் தருவார்கள், மெழுகு பூசிய அட்டைமேல் மெல்லிய தாள் ஒட்டிய பழைய பலகையையும் தருவார்கள், பொத்தானை அமுக்கி அழிக்கும் எல்சிடி பலகையையும் தருவார்கள். மூன்றும் வெவ்வேறு பொருள்கள். இங்கே பேசப்படுவது முதலாவது. ஆனால் இக்கட்டுரை அதைப் பட்டு நெசவு ஊரான காஞ்சிபுரத்திலிருந்து பார்க்கிறது; அவ்வூரைப் பொறுத்தவரை எழுதி அழிக்கும் பரப்பின் கதை பிளாஸ்டிக்குக்கு வெகுகாலம் முந்தியது. எனவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணல், ஓலை, சிலேட்டு

காஞ்சி அழியாத எழுத்துக்குப் பேர்போன ஊர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன், திருச்சுற்றைச் சூழ்ந்த சிறு சன்னதிகளில் தன் விருதுப் பெயர்களை நூற்றுக்கணக்கில் வெட்டி வைத்தான். 1890இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அவற்றைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார். ஒரே பெயர் மேல் வரிசையில் ஓர் எழுத்து வகையிலும் கீழ் வரிசையில் வேறோர் எழுத்து வகையிலும் திரும்பத் திரும்ப வருகிறது. சன்னதி சன்னதியாகப் பார்த்துக்கொண்டே நடந்தால், அரசனுடைய கையெழுத்துப் பயிற்சி ஏட்டைப் புரட்டுவது போலத் தோன்றும். கடம்ப மரபைத் தொடங்கிய மயூரசர்மன் வேதம் கற்க வந்து சேர்ந்தது காஞ்சியின் கடிகைக்கு (உயர்கல்விச் சாலைக்கு) என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. படித்தவர் ஊர் என்ற பெயர் இதற்கு நெடுநாளாகவே உண்டு.

கல்லில் வெட்டியதை மாற்ற முடியாது. பனையோலையும் ஏறக்குறைய அப்படித்தான். எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைத்தால் கீறல் கறுத்து நிற்கும். பிழையாகக் கீறிவிட்டால் ஓலை போனதுதான். அகரம் போடப் பழகும் ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் ஓலையைக் கொடுத்தால் பனைமரம் மிஞ்சாது. அதனால் திண்ணைப் பள்ளியில் முதல் பலகை மணல். தரையில் ஆற்று மணலைப் பரப்பி, பிள்ளை சுட்டுவிரலால் எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதும். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் பரப்பு மறுபடியும் புதுசு. எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலை. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வழக்கம் இந்த மணலின் எச்சமே. (மணல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் மூலவர் மணல் லிங்கம். கம்பை ஆற்று வெள்ளம் அதைக் கரைத்துவிடுமோ என்று அஞ்சி அம்மை தழுவிக்கொண்டாள் என்பது தலபுராணம். இன்றும் லிங்கத் திருமேனிக்கு நீராட்டு கிடையாது, புனுகுச் சட்டம்தான். அழியக்கூடியதை அழியவிடாமல் காப்பதும் இந்த ஊரின் பழக்கம் போலும்.)

மணலெழுத்து கடல் கடந்து போன கதை விரிவாகச் சொல்லத் தக்கது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் விடுதியில் பொறுப்பேற்றார். காகிதத்துக்கும் ஆசிரியருக்கும் ஒருசேரப் பஞ்சம். வெளியே ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டவர், அதையே தம் விடுதியிலும் செய்து பார்த்தார். மூத்த பையன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். நம்மூரில் அந்த மூத்த பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஏறக்குறைய இதே முறையைத் தம்முடையதென்று சொல்ல, இருவர் கட்சிக்காரர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டனர். அந்தச் சண்டையில் நமக்கு வேலையில்லை. உரிமை திண்ணை வாத்தியாருடையது. பெல் பார்த்து எழுதினார், லங்காஸ்டர் அதற்கும் பின்னால் வந்தார். திண்ணைப் பள்ளியின் மணலருகே பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் பெரும்பாலும் உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் சிலேட்டு வந்தது. கடப்பாக்கல் போலக் கறுத்துத் தகடு தகடாகப் பிரியும் கல்லை அறுத்து, தேய்த்து, மரச்சட்டம் மாட்டினால் சிலேட்டு. தென்னிந்தியப் பள்ளிகளுக்கு ஆந்திரத்தின் மார்க்காபுரம் இதில் பெயர்பெற்றது. எழுதுவது பலப்பம். அழிக்க ஈரத்துணி என்று வாத்தியார் சொல்வார். பிள்ளைகள் எச்சில் தொட்டு அழிப்பார்கள். வேலியில் படர்ந்த கோவை இலையைப் பறித்துவந்து, கசக்கி, சாற்றோடு சிலேட்டில் தேய்த்தால் முந்தைய எழுத்தின் வெள்ளைப் புகை அறவே போய்ப் பச்சை கலந்த கறுப்பு மின்னும். காய்வதற்குள் எழுதினால் பலப்பம் வழுக்கும், அதனால் வெயிலில் காட்டி ஊத வேண்டும். பலப்பத்தில் பாதி எழுத்தானது, பாதி வயிற்றுக்குப் போனது. கல் உடைகிறதென்று தகரச் சிலேட்டு வந்தது, பிறகு அட்டைச் சிலேட்டு வந்தது. சட்டத்தின் ஓரத்தில் எண்ணிப் பழகக் கம்பியில் கோத்த மணிகள் வந்தன. குழந்தைகள் எழுத்தைவிட அவற்றைத்தான் விரும்பின.

வகைப்பாடு

எழுதி அழிக்கும் பரப்புகளை எழுதும் கருவியைக் கொண்டு பிரிப்பது வழக்கம். அழிக்கும் விதத்தைக் கொண்டு பிரிப்பதே சரி. தடவி அழிப்பவை மணலும் சிலேட்டும். தூக்கி அழிப்பது பழைய மேஜிக் சிலேட்டு. மெழுகட்டையின்மேல் படிந்த தாளைப் பிரித்தால் எழுத்து மறையும். ஆனால் அடியிலுள்ள மெழுகில் கீறல் தங்கிவிடும். சிக்மண்ட் பிராய்டு 1925இல் வெளியான ஒரு சிறு கட்டுரையில் மனித நினைவுக்கு இதைத்தான் உவமை காட்டினார். குலுக்கி அழிப்பது பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே கசான்யே கண்டுபிடித்து, 1960இல் அமெரிக்காவில் ‘எட்ச் எ ஸ்கெட்ச்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பெட்டி. கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அலுமினியத் தூளை ஒரு முனை சுரண்டிக்கொண்டே போகும். ஒரு குமிழ் கிடைக்கோட்டுக்கு, மற்றது செங்குத்துக் கோட்டுக்கு. பாவையும் ஊடையையும் தனித்தனியே திருகுவது போன்றது அது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபட வேண்டியது, ஆனால் நம் கடைகளுக்கு அது அவ்வளவாக வரவே இல்லை. இழுத்து அழிப்பதுதான் காந்த எழுதுபலகை.

தோற்றமும் அமைப்பும்

காந்தத்தால் இரும்புத் துகளை நகர்த்திப் படம் போடும் பொம்மை 1955இலேயே அமெரிக்காவில் இருந்தது. மொட்டைத்தலை முகம் அச்சிட்ட அட்டைமேல் துகளை இழுத்து முடியும் தாடியும் வைக்கும் ‘வூலி வில்லி’ அது. அட்டையை அசைத்தால் தாடி விழுந்துவிடும். துகளை வைத்த இடத்திலேயே நிற்கவைத்தவர்கள் ஜப்பானின் பைலட் பேனா நிறுவனத்துப் பொறியாளர்கள், 1974இல். அவர்கள் தேடியது பொம்மையை அல்ல. சுண்ணக்கட்டித் தூசு பறக்காத கரும்பலகை ஒன்றைச் செய்யத்தான் முயன்றார்கள். அமெரிக்காவில் அது ‘மேக்னா டூடுல்’ ஆயிற்று. ஜப்பானில் ‘சென்செய்’ என்று பெயரிட்டு விற்றார்கள். ஆசிரியர் என்று பொருள். ஒரு விளையாட்டுப் பொருளுக்கு வாத்தியார் என்று பெயர் வைக்க ஜப்பானியருக்குத்தான் தோன்றும். பிற்காலத்தில் பிஷர்பிரைஸ் ‘டூடுல் புரோ’ என்ற பெயரில் விற்றது. ‘பிரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு வீட்டுக் கதவில் தொங்கும் பலகையும் இதுவே.

பலகையின் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் தேனடை போல அறுகோண அறைகள். ஒவ்வோர் அறையிலும் கெட்டியான வெண்ணிறக் குழம்பு. அதில் கறுப்புக் காந்தத் துகள்கள் கலந்திருக்கும். எழுதுகோலின் நுனியிலுள்ள சிறு காந்தம் மேல்தகட்டில் உரசிச் செல்லும்போது அந்தந்த அறையின் துகள்கள் அடியிலிருந்து மேலேறி, வெள்ளைக்கு முன்னால் கறுப்பாகத் தெரிகின்றன. பட்டையை இழுக்கும்போது பின்தகட்டை ஒட்டி ஓடும் காந்தம் அவற்றைத் திரும்பக் கீழே வாங்கிக்கொள்கிறது. வெள்ளைக் குழம்பு மூடிவிடுகிறது. சூட்சுமம் எல்லாம் குழம்பில்தான். தண்ணீர் போல நீர்த்திருந்தால் எழுத்து தானே அமிழ்ந்துவிடும். களி போல இறுகியிருந்தால் துகள் ஏறாது. காந்தம் இழுக்கும்போது வழிவிட்டு, புவியீர்ப்புக்கு மட்டும் அசையாமல் நிற்கும் பதம் வேண்டும். இட்லி மாவின் பதம் என்று சொல்லலாம், ஆனால் மாவு புளிக்கும், இது புளிக்காது. அறைகள் இல்லாவிட்டால் பலகையைச் சாய்த்த பக்கமெல்லாம் துகள்கள் திரண்டு ஒதுங்கிவிடும். நிறப் பலகைகளில் குழம்புக்கு நிறமில்லை. மேல்தகட்டைப் பகுதி பகுதியாக மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயமிட்டிருப்பார்கள்.

உற்றுப் பார்த்தால் கோட்டின் ஓரம் வழவழப்பாக இருக்காது. அறைச் சுவர்கள் குறுக்கிடுவதால் கோடு பல் பல்லாகத் தெரியும். ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் இதனால் குறையில்லை. ‘ழ’வின் சுழியும் ‘ஐ’யின் கொண்டையும் அடைத்துக்கொள்ளும். தமிழ் எழுத வேண்டுமானால் பெரிய பலகை வாங்குவது நல்லது. காஞ்சிபுரத்தில் சேலைக்கு டிசைன் போடுகிறவர்களுக்கு இந்தப் பல் புதிதல்ல. கிராப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு வைத்து மயிலையும் ருத்திராட்சத்தையும் யாளியையும் வரைந்து, அதைப் பார்த்து அட்டை குத்தி, தறியின் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். தாளில் மயிலின் கழுத்து படிக்கட்டாக இறங்கும், பட்டில் இழை நெருங்கியதும் வளைந்துவிடும். பலகையில் அறை பெரிது என்பதால் படிக்கட்டு படிக்கட்டாகவே நிற்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அதற்கும் முந்திய ‘அடை’ முறையில் கட்டமும் கிடையாது, அட்டையும் கிடையாது. நூலில் முடிச்சிட்டுக் கட்டி வைத்ததே வரைபடம்.

எழுத்துப் பலகை பிடிக்க வேண்டிய வயதில் தறிமேடையில் உட்கார்ந்த பிள்ளைகளும் இவ்வூரில் இருந்தார்கள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்நிலை பெரிதும் மாறிவிட்டது.

குறைகளும் பாதுகாப்பும்

பலகை கெடுவது மூன்று விதம். அறை ஒன்று விரிந்து குழம்பு கசிவது முதலாவது. காய்ந்து இறுகி, அந்த இடத்தில் எழுத்து ஏறாமல் வெள்ளைத் திட்டு விழுவது இரண்டாவது. வீட்டிலுள்ள ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கொண்டு தேய்த்துப் பார்த்ததால் எத்தனை முறை இழுத்தாலும் போகாத நிழல் தங்குவது மூன்றாவது. மூன்றுக்கும் பழுதுபார்ப்பு கிடையாது. எழுதுகோலைப் பலகையோடு கயிற்றால் கட்டியிருப்பார்கள். கயிறு அறுந்த வாரமே எழுதுகோல் காணாமல் போகும். அதன்பின் பலகை வெறும் தட்டு.

பெரிய ஆபத்து காந்தம்தான். வட்டம், முக்கோணம், நட்சத்திரம் என்று உடன் வரும் அச்சுகளிலிருந்து காந்தத் துண்டு கழன்று, குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலைத் துளைத்துவிடும். ஒன்றுக்கு மேல் விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, மலத்தில் போய்விடும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும் 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் கொலு பொம்மை செய்யும் காஞ்சிபுரத்தில் இந்த வரியைப் பற்றி யாரும் வருத்தப்படுவதற்கில்லை.

இன்றைய நிலை

2010இல் அமெரிக்காவின் கென்ட் டிஸ்பிளேஸ் நிறுவனம் ‘பூகி போர்டு’ என்ற பெயரில் கொண்டுவந்த எல்சிடி எழுதுபலகையின் மலிவுப் படிகள் காந்தப் பலகையின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. அவற்றிலுள்ள பொத்தான் மின்கலமும் விழுங்கினால் ஆபத்தானதே. காந்தப் பலகை இப்போதும் கிடைக்கிறது.