சோழிகளும் தொலைநோக்கியும்

நவீன அறிவியலாளர் ஒருவர் மாயாசாலம் நிறைந்த உலகில் போய் விழுந்தால் என்ன ஆவார்? மார்க் ட்வைன் 1889-இல் எழுதிய நாவலில் ஒரு விடை உண்டு. ஆர்தர் மன்னன் காலத்திற்குள் சென்றுவிடும் அமெரிக்கத் தொழில்வினைஞன், கிரகணம் நிகழும் நேரத்தை அறிந்திருந்ததால் பெரும் மந்திரவாதியாகிப் பிழைத்துக்கொள்கிறான். பொத்தேரியில் வகுப்பொன்றில் இக்கதையை நாம் சொன்னபோது மாணவர் ஒருவர் கேட்டார்: "அந்த ஊர்ல பஞ்சாங்கமே இல்லையா ஐயா?"

நியாயமான கேள்வி. பஞ்சாங்கம் உள்ள ஊருக்கு மெய்யாகவே ஒருவர் வந்திருக்கிறார்.

பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண 1760-இல் புறப்பட்டார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்நாள் வந்தபோது புதுச்சேரி வானை மேகம் மூடிக்கொண்டது! (ஊர் திரும்பியபோது, அவர் மாண்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.)

ஆனால் காத்திருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திரகிரகணத்தின் கால அளவு அவர்கள் முறைப்படி 41 விநாடி குறைந்தது. ஐரோப்பா போற்றிய டோபியாஸ் மேயரின் அட்டவணையிலோ 68 விநாடி கூடியது. மிரட்ட வந்தவரல்லர் அவர். வந்திருந்தாலும் மிரள ஆளில்லை.

சென்னை வான்காணகத்தை முன்பு நடத்திய ஜான் வாரனும் புதுச்சேரியில் இத்தகைய ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31 இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துகளே அங்கு எண்கள். நிலவின் வேகம் ஏறியிறங்கும் சுற்று 248 நாளில் ஏறத்தாழ ஒன்பது முறை நிறைவுறுவதால், நாளுக்கொன்றாக 248 வாக்கியங்கள். தமிழாசிரியரான நமக்கு இந்த நினைவாற்றல் வியப்பன்று; செய்யுளைச் சுமந்த மரபு கோள்களையும் சுமந்திருக்கிறது.

தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே. நடுவில் 23, முடிவில் 52. கணிதருக்கு அம்முறையின் கோட்பாடு தெரியாது என்றும் வாரன் எழுதினார். நம்மவர் பெருமை 41 விநாடியோடு நின்றுவிடுகிறது. நமக்கோ அந்த 52 நிமிடம்தான் உறுத்துகிறது. காரணம் அறியாமல் காத்த கணக்கைத் திருத்துவது எப்படி?

திருத்தவும் ஒருவர் வந்தார். வான்காணகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் வகுத்தார். வாக்கியப் பஞ்சாங்கம் அதனால் மறைந்துவிடவில்லை. சனி கும்பத்துள் புகுந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் அலைமோதியது டிசம்பரில்தான்.