படவில்லையும் வினாவிடையும் வலையேறிய வரலாறு

தமிழாசிரியர் ஒருவர் தாம் வகுத்த பாடத்தைப் படவில்லைகளாக அமைத்து, அவற்றின் இறுதியில் பத்து வினாக்களைச் சேர்த்து, இணையத்திலுள்ள கற்றல் தளத்தில் ஏற்றிவைப்பது இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அன்றாட நிகழ்ச்சி. மாணாக்கர் வீட்டிலிருந்தே பாடத்தைப் பார்க்கின்றனர், விடையெழுதுகின்றனர், பொறி அக்கணமே மதிப்பெண் இடுகிறது. ஆங்கிலத்தில் இதனைப் பற்றி எழுதுவோர் இதனைக் கருவிகளின் வரலாறாகவே எழுதிச் செல்வர். தமிழைப் பொறுத்தமட்டில் இஃது எழுத்தின் வரலாறு. பொறி தமிழெழுத்தை எவ்வாறு அறியலாயிற்று, எவ்விடத்தில் அறியாது மயங்கிற்று என்பவற்றைக் கொண்டே இக்கதையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அளத்தல் வேண்டும்.

வினாக் கேட்டு விடை திருத்தும் பொறி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் சிட்னி பிரெசி, 1920-களிலேயே அத்தகைய பொறியொன்றைச் செய்தார். அதில் ஒரு வினாவும் நான்கு விசைகளும் இருந்தன. சரியான விசையை அழுத்தினால்தான் அடுத்த வினா வரும். இதில் கருதத்தக்கது யாதெனில், அப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எத்தனையாவது விசை என்பது ஒன்றே தெரியும். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டானல்ட் பிட்சர் முதலானோர் உருவாக்கிய பிளேட்டோ என்னும் அமைப்புக் கணினியையே ஆசிரியராக்கிற்று. படவில்லை காட்டும் பவர்பாயிண்ட் மென்பொருள் 1987-இல் வெளிவந்தது. ஆயினும் ஓரிடத்தில் செய்த பாடம் வேறோரிடத்தில் ஓடாது என்னும் இடர் நெடுநாள் நீடித்தது. இவ்விடரை முதலில் உணர்ந்து பொதுநெறி தேடியவர் ஆசிரியர்கள் அல்லர், வானூர்திக் கம்பெனியார். விமானிகளுக்கும் பழுது பார்ப்போருக்கும் கணினிவழிப் பயிற்சி தந்த அவர்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு வகைக் கருவி வாங்க நேர்ந்ததைப் பொறாது 1988-இல் ஒரு குழு அமைத்தனர். பின்னர் அமெரிக்க அரசின் முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் ஸ்கார்ம் என்னும் பொதுநெறி தோன்றிற்று. படவில்லை, ஒலி, வினா அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, உள்ளே இன்னின்ன உள எனச் சொல்லும் பட்டியலொன்றை வைத்து அனுப்பினால், எந்தத் தளமும் அதனைப் பிரித்து ஓட்டும். யார் முடித்தார், எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் என்பவற்றைக் குறித்தும் கொள்ளும். அப்பட்டியல் எழுதப்படும் எக்ஸ்எம்எல் என்னும் நடை, யூனிகோடு எழுத்துமுறையை அடியாகக் கொண்டது. தமிழ்ப் பாடத்தின் தலைவிதி இந்த இடத்தில்தான் முடிச்சுப் பட்டுக் கிடந்தது.

சிங்கப்பூரில் 1980 முதல் 1996 வரை இயங்கிய பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் நான்கு மொழிகளிலும் பாடநூல்களையும் துணைக்கருவிகளையும் உருவாக்கித் தந்தது. 1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் 200 கோடி வெள்ளி. இரு மாணாக்கர்க்கு ஒரு கணினி. பாடநேரத்தில் நூற்றுக்கு 30 பங்கு கணினிவழி. இவை அதன் குறிக்கோள்கள். திட்டம் எல்லாப் பாடங்களுக்கும் உரியதேயெனினும், ஆங்கில ஆசிரியர் விசைப்பலகையைத் தொட்டவுடன் பணியைத் தொடங்கலாம். தமிழாசிரியரோ முதலில் எழுத்துருவைத் தேடிப் பொருத்த வேண்டும்.

அவ்வெழுத்துக்காக உழைத்தவருள் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் நா. கோவிந்தசாமி. சிறுகதையாசிரியராக அறியப்பட்டு, 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்ற இவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். இவர் உருவாக்கிய மென்பொருளுக்குக் கணியன் என்று பெயரிட்டார். கணிப்பவன் என்று பொருள்படும் அச்சொல் கணினிக்கும் பொருந்தும். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரையும் நினைவூட்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துத் தான் தின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோரோடு சேர்ந்து, 1995-இல் நான்கு மொழிச் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிய முயற்சியில் தமிழுக்கு இடம் தேடித் தந்தார். தமிழ் இணையப் பக்கங்களுள் முன்னோடியாக அது போற்றப்படுகிறது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாட்டிலும் அவர் பங்கு பெரிது. 1999 மே மாதத்தில், ஐம்பத்து மூன்று வயது அளவில் அவர் மறைந்தார். கணினியைப் பொறியியலார் தமிழுக்குத் தந்தனர் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. சிங்கப்பூரில் அதனைக் கேட்டு வாங்கியவர் வகுப்பறை அறிந்த ஓர் ஆசிரியர் என்பதை மறத்தலாகாது.

அக்காலத்து இடர் யாதென இன்றைய இளைஞர் அறியார். அந்நாள் எழுத்துரு முறையில், ஆங்கிலம் போக எஞ்சிய ஏறத்தாழ 128 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை அடைத்தாக வேண்டும். ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தமக்குத் தோன்றியவாறு அடைத்தனர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். கணியனில் எழுதியது முரசில் விளங்காது; முரசில் எழுதியது பிறிதொன்றில் விளங்காது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலோ, தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே வரிசையாய் நிற்கும். ஆசிரியர் இரவெல்லாம் அமர்ந்து ஆக்கிய படவில்லை, மறுநாள் பள்ளிக் கணினியில் இவ்வாறு காட்சி தந்தால் வகுப்பு எவ்வாறு நடக்கும்? பலர் ஓர் உபாயம் கண்டனர்: தமிழ் வரிகளைப் படமாக மாற்றி ஒட்டிவிடுவது. கண்ணுக்கு எழுத்துத் தெரிந்தது. கணினிக்கு அது பூவின் படமும் பூனையின் படமும் போல ஒரு படமேயாயிற்று. அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது, திருத்த இயலாது, பொறி படித்துக் காட்டவும் இயலாது. அன்று அவ்வாறு ஆக்கப்பட்ட பாடங்கள் பின்வந்த தளங்களுக்குப் பயன்படாமற் போயின. ஒரு தலைமுறை ஆசிரியரின் உழைப்பில் ஒரு பகுதி, பழைய தட்டுகளில் படிப்பாரின்றி முடங்கிற்று என்று கூறுதல் மிகையாகாது.

பொதுக்குறியீடு வேண்டுமென்ற முயற்சிகள் பல. இணையவழி அறிஞர் குழுவொன்று திஸ்கி என்னும் முறையை வகுத்தது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உத்தமம் என்னும் உலக அமைப்பு உருவாயிற்று. இறுதியில் வென்றது யூனிகோடே. அதில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தனவெனினும், விண்டோஸ் 2000 தமிழை ஏற்ற பின்னரே அது வழக்குக்கு வரத் தொடங்கிற்று. அவ்வொதுக்கீடு தமிழின் இயல்புக்குப் பொருந்துமா, உயிர்மெய்க்கெல்லாம் தனியிடம் தந்திருக்க வேண்டாவா என்ற வாதம் இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் சிங்கப்பூரில் எழுதிய தமிழ் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அவ்வாறே தோன்றும் நிலை அதனாலேயே வாய்த்தது.

இனி நிகழ்ச்சிகள் விரைந்தன. 2003 மார்ச்சு இறுதியில் சார்ஸ் நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்து கற்கும் ஏற்பாட்டின் தேவை முதன்முறை உணரப்பட்டது. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. 2010-இன் தாய்மொழி மறுஆய்வுக் குழுவுக்குப் பின் வந்த தாய்மொழிகளுக்கான இணையவாயிலில், மாணாக்கர் தம் குரலைப் பதிந்து ஏற்றவும் ஆசிரியர் கேட்டுக் கருத்துரைக்கவும் வழி பிறந்தது. 2017 முதல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளி காட்டி வினவும் முறை புகுந்தது. மாணவர் கற்றல் தளம் 2017-இல் சில பள்ளிகளில் வெள்ளோட்டம் கண்டு, 2018-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல் கொவிட் கிருமிப்பரவலால் நாடு முழுதும் வீட்டிலிருந்து கற்றபோது, இத்தளமே பள்ளிக்கூடமாயிற்று. 2021 இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் ஒவ்வொருவரும் சொந்தக் கற்றல் கருவி பெற்றனர்.

தமிழ் மாணாக்கருக்கு இத்தளத்தின் பயன் பிறரினும் மிகுதி. சீனமும் மலாயும் பயில்வோரைப் போல அவர்கள் ஒரே பள்ளியில் திரளாக இல்லை. தமிழ் வகுப்பு இல்லாத பள்ளிகளில் பயில்வோர், பிற்பகலில் சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் முதலியவற்றுக்குச் சென்று படிக்கின்றனர். 1982-இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயரை ஏற்று, சீறாப்புராணம் பாடிய புலவரின் நினைவாக விளங்குவது அந்நிலையம். தீவின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடிக் கலையும் மாணாக்கருக்கு, வகுப்பு முடிந்த பின்னும் தொடரும் வகுப்பாகத் தளம் அமைகிறது.

இத்துணை வளர்ந்த பின்னும், வினாவிடையில் எழுத்தின் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. பிரெசியின் பொறியைப் போல விசையை மட்டும் அறிவது வேறு. மாணாக்கர் எழுதிய சொல்லைத் திருத்துவது வேறு. பின்னதில், ஆசிரியர் இட்ட விடையையும் மாணவர் இட்ட விடையையும் பொறி எண்களாகவே ஒப்பிடுகிறது. ‘கொடி’ என்னும் சொல்லை நோக்குக. யூனிகோடில் ககரம் 2965. ஒகரக்குறி முழுமையாக 3018. இவ்வாறு எழுதினால் அச்சொல்லுக்கு எண்கள் நான்கு. ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 எனப் பிரித்து எழுதினால் எண்கள் ஐந்து. பழைய எழுத்துருவிலிருந்து கவனமின்றி மாற்றப்பட்ட பாடங்களில் இவ்வகைப் பிளவு நேர்வதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒரே கொடி. பொறிக்கு இரண்டு சொற்கள். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் விதி யூனிகோடிலேயே உள்ளது. மென்பொருளார் அதனைப் பின்பற்றினால் இவ்விடர் நீங்கும்.

ஆனால் அவ்விதியாலும் தீராதவை உள. ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்து 2964. ஒகரத்தையும் (2962) ளகரத்தையும் (2995) அடுத்தடுத்து இட்டாலும் ஏறத்தாழ அதே வடிவம் தோன்றும். எந்த விதியும் இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்ளாது. சிராங்கூன் சாலைக் கோயில்களின் பெயரை எழுதுக என்று மரபுடைமைப் பாடத்தில் ஒரு வினா வந்தால் சிக்கல் இன்னும் பெரிது. ஸ்ரீ என்னும் வடிவம் 3000 என்ற எண்ணுக்குரிய ஸகரத்தாலும் அமையும். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 2998-ஆம் எண்ணெழுத்தாலும் அமையும். எது வருமென்பது அவரவர் விசைப்பலகையைப் பொறுத்தது. ‘ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில்’ என்று பிழையின்றி எழுதிய குழந்தைக்குத் தவறு என்று சிவப்புக் குறி வருமாயின், அக்குழந்தை தன் தமிழையே ஐயுறும். கோயில், கோவில் என இரண்டும் வழக்கில் உள்ளனவென்பதும் பொறிக்குத் தெரியாது. வல்லினம் மிகுந்த தொடரைச் சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் அதற்கு வெவ்வேறு விடைகளே.

இவ்விடர்களுக்கு அஞ்சிய ஆசிரியருக்கு எளிதாகக் கிடைக்கும் புகலிடம், நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினா. அதில் பிழை நேராது. மதிப்பெண்ணும் விரைந்து வரும். அங்கே மாணாக்கர் ஒரு தமிழெழுத்தையும் எழுதுவதில்லை என்பதே குறை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவதாகக் கூறியோர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020-இல் அது 2.5 விழுக்காடாயிற்று. வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கு அதனைப் பேசவும் எழுதவும் வாய்க்கும் நேரம் சிறிதே. அச்சிறு நேரமும் வட்டத்தைத் தொடுவதிலேயே கழியுமாயின், கணியன் செய்தவர் பாடுபட்டுப் பெற்றுத் தந்த எழுத்து வினாத்தாளில் வெறும் அணியாக நிற்கும்.

தேர்ந்த ஆசிரியர் இதற்கு வழி கண்டுள்ளனர். விடைக்கட்டத்தில் ஒரு சொல்லோடு நில்லாமல், கோயில், கோவில், இருவகை ஸ்ரீ, சேர்த்தும் பிரித்தும் எழுதிய வடிவங்கள் ஆகியவற்றையெல்லாம் ஏற்கத்தக்க விடைகளாக வரிசையாக இட்டுவைக்கின்றனர். படவில்லையில் தமிழ் வரிகளைப் படமாக ஒட்டாது எழுத்தாகவே வைக்கின்றனர். பொறி திருத்தும் வினா ஐந்தென்றால், தாமே படித்துத் திருத்தும் வினா இரண்டேனும், குரலைப் பதிந்து அனுப்பும் வினா ஒன்றேனும் சேர்க்கின்றனர். அவ்விரு வினாக்களைத் திருத்துவதற்குத்தான் மாலைப்பொழுது செல்கிறது.