ஆல்கஹால் மார்க்கர் வண்ணமிடல்

ரப்பர் அல்லது பாலிமர் முத்திரையால் தாளில் பதித்த கோட்டுருவத்துக்கு, ஆல்கஹாலில் சாயம் கரைத்த மையுள்ள மார்க்கர்களால் நிறமூட்டும் கைவினை முறை. வாழ்த்து அட்டைகள், நினைவு ஆல்பங்கள், பரிசுப் பொருள்களுக்கான அட்டைச் சீட்டுகள் ஆகியவற்றைச் செய்வோர் இதைப் பயன்படுத்துகின்றனர்.

கருவிகள்: இவ்வகையில் பெயர்பெற்றது, ஜப்பானில் 1987இல் வெளியான காப்பிக் மார்க்கர். இதன் மை, நகலெடுப்பு இயந்திரத்தின் டோனர் கோடுகளைக் கரைக்காது. ‘ஸ்கெட்ச்’ வகை 358 நிறங்களில் கிடைக்கிறது. மையை மீண்டும் நிரப்பலாம். தேய்ந்த முனையை மாற்றலாம். நிறக்குறியீட்டில் எழுத்து நிறக் குடும்பத்தையும், முதல் இலக்கம் செறிவையும், கடைசி இலக்கம் வெளிர்மை அல்லது அடர்த்தியையும் காட்டும்.

செய்முறை: முத்திரை மை ஆல்கஹாலில் கரையாததாக இருக்க வேண்டும். மெமென்டோ போன்ற நீர்சார் சாய மை ஏற்றது. ஸ்டேஸ்ஆன் போன்ற கரைப்பான் சார்ந்த மை கசிந்து நிறத்தைக் கெடுக்கும். பதித்த கோடுகள் நன்கு உலர்ந்தபின் வண்ணமிடத் தொடங்கலாம். வழுவழுப்பான கனத்த அட்டையே பொருத்தமானது. மை மறுபுறம் ஊடுருவும் என்பதால் அடியில் வேண்டாத தாள் ஒன்றை வைப்பர். ஒரே குடும்பத்தின் இரண்டு மூன்று நிறங்களை, ஈரம் காயுமுன் ஒன்றன் விளிம்பில் மற்றொன்று படியுமாறு பூசினால், இடைக்கோடு மறைந்து ஒளியும் நிழலும் இயல்பாக இணையும். நிறமற்ற கலப்பு மார்க்கர் நிறத்தை அழிப்பதில்லை. அதைத் தள்ளி வெளிறச் செய்கிறது.

பராமரிப்பு: இருமுனை மார்க்கர்களைக் கிடைமட்டமாக வைக்க வேண்டும். மை தீப்பற்றக்கூடியது, காற்றோட்டம் அவசியம். சாயம் வெயிலில் மங்கும்.