ஹாப் இலையும் ஹாப் குளிகையும்: கைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மத்தியில் நெடுநாளாக ஒரு தகராறு உண்டு. பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்பை முழுசாகப் போடுவதா, அரைத்து அழுத்திய குளிகையாகப் போடுவதா என்பது. முழுசாகப் போடுகிறவர் அதை 'இலை ஹாப்' என்கிறார். அதுதான் இயற்கை, அதுதான் பாட்டன் வழி, குளிகை வெறும் தொழிற்சாலைச் சரக்கு என்பது அவர் கட்சி. குளிகைக்காரர் செலவுக் கணக்குச் சொல்லுவார். கேட்கிறவருக்கு இது சமையலறைச் சண்டை மாதிரிதான் தெரியும். ஆனால் 'அசல்', 'இயற்கை', 'மரபு' என்கிற சொற்கள் கூடிப் புழங்கும் இடத்தில் யாரோ சிலரது உழைப்பு மறைக்கப்பட்டிருக்கும் என்பது நாம் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிற விஷயம். இந்தச் சண்டையையும் அப்படி வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் பெயர். 'இலை ஹாப்' இலையே கிடையாது. ஹாப் ஒரு கொடி. அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு ஆவது பெண் கொடியின் பூங்கூம்பு. கூம்பின் செதில்களுக்கடியில் மஞ்சள் தூளாக ஒட்டியிருக்கும் லுப்புலின் சுரப்பிகளில்தான் பிசினும் எண்ணெயும் இருக்கின்றன. பிசினிலுள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறிக் கசப்பாகிறது. எண்ணெய் மணம் தருகிறது. குளிகை செய்வதென்பது, காய்ந்த கூம்பை எந்திரத்தில் அரைத்து, அச்சுத் துளை வழியாக அழுத்தி, காற்றுப் புகாத பையில் அடைப்பது. 100 கிலோ ஹாப்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோ குளிகை வரும் என்பதால் 'டைப் 90' என்று பெயர். கடுங்குளிரில் அரைத்துச் சலித்து நாரைக் கழித்தால் 'டைப் 45'. ஆக, இலைக்கும் குளிகைக்கும் பொருளில் பெரிய பேதமில்லை. பேதமெல்லாம் கதையாடலில்தான்.

2

இலைக்காரர் சொல்லும் கதை, ஹாப் கூம்பு மிதக்கும் பழைய வீட்டு அண்டாவில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய அண்டாவை அவர் பார்ப்பதில்லை. இடைக்கால இங்கிலாந்தில் வீட்டில் காய்ச்சியது 'ஏல்'. அதில் ஹாப் இல்லை. மால்ட், தண்ணீர், நொதி, சில நேரம் ஏதாவது பச்சிலை, அவ்வளவுதான். காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். 'ப்ரூஸ்டர்' என்கிற சொல்லே காய்ச்சும் பெண்ணைக் குறித்துப் பிறந்ததுதான். ஏல் சில நாட்களில் புளித்துவிடும், தூரம் போகாது. தூரம் போகாத சரக்கில் பெரிய முதலீட்டுக்கு வேலையில்லை. அந்தப் பலவீனம்தான் அந்தப் பெண்களின் பலமாக இருந்தது.

15ஆம் நூற்றாண்டு வாக்கில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து ஹாப் போட்ட பீர் இங்கிலாந்துக்கு வந்து பரவியது. ஹாப்பின் கசப்புப் பிசின் பீரைக் கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கிறது, அதனால் பீர் மாதக்கணக்கில் நிற்கிறது. 1574இல் ஹாப் தோட்டம் பற்றி நூல் எழுதிய ரெஜினால்ட் ஸ்காட் கணக்கே போட்டுக் காட்டினார்: ஒரு புஷல் மால்ட்டில் 8, 9 காலன் சுமாரான ஏல்தான் வரும், ஹாப் சேர்த்தால் 18, 20 காலன் நல்ல பீர் வரும். இதைவிடப் பச்சையாக உபரியின் இலக்கணத்தைச் சொல்ல முடியாது. பெரிய அண்டா, பீப்பாய்கள், கடன், தூரத்துச் சந்தை எல்லாம் உள்ளே வந்தன. கடன் வாங்கும் தகுதியும் சங்கத்தில் குரலும் இல்லாத பெண்கள் வெளியே போனார்கள். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்த வெளியேற்றத்தை விரிவாகக் காட்டுகிறது. பீரைக் கண்டுபிடித்ததால் மட்டும் இது நடக்கவில்லை, ஏற்கெனவே இருந்த ஆணாதிக்க ஏற்பாடுகள் புதிய வாய்ப்பை ஆண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பது அவர் வாதம்.

பின்னாளில் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் கப்பலேறிய பீரில் ஹாப்பைக் கூடுதலாகப் போட்டதும் இதே தர்க்கத்தில்தான். கெடாமல் இருப்பது என்பது தூரத்தை ஆள்வது. அப்படிப் பார்த்தால், குளிகை என்ன செய்தது என்று இலைக்காரர் குற்றம் சாட்டுகிறாரோ அதை ஹாப் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. வீட்டை விட்டுக் காய்ச்சலை வெளியேற்றிய பொருளையே வீட்டு மரபின் சின்னமாக வைத்துக் கும்பிடுகிறோம்.

3

இனி, பறித்த கைகள். லண்டன் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளுமாக, ஒவ்வொரு செப்டம்பரும் கென்ட் தோட்டங்களுக்குப் போனார்கள். ஜிப்சிகளும் அயர்லாந்துக்காரர்களும் போனார்கள். 1853 அக்டோபரில் மெட்வே ஆற்றின் ஹார்ட்லேக் மரப்பாலத்தில் பறிப்பாளர்களை ஏற்றிவந்த வண்டி சரிந்து 30 பேர் மூழ்கிச் செத்தார்கள். ஹாட்லோ தேவாலய வளாகத்தில் அவர்களுக்கான நினைவுச்சின்னம், ஹாப் உலர்த்தும் சூளை வடிவில் நிற்கிறது.

1931இல் ஜார்ஜ் ஆர்வெல் கென்ட்டில் கூலிக்கு ஹாப் பறித்தார், அதைக் கட்டுரையாகவும் எழுதினார். கூலி புஷல் கணக்கு. புஷல் என்பது எடையல்ல, கொள்ளளவு. ஹாப்போ அமுக்கினால் அமுங்குகிற சரக்கு. அளக்கிறவன் கூடையை அமுக்கி அளந்தால் பறித்தவள் பறித்ததில் பாதி காணாமல் போகும். நம் ஊர்க் களத்துமேட்டில் மரக்கால் பிடிக்கிறவன் கையில் என்ன இருந்ததோ அதுதான் அவன் கையிலும் இருந்தது. அப்புறம் இலை. கூம்போடு இலை கலந்திருந்தால் ஏச்சு விழும், அளக்க மறுப்பார்கள். அதாவது, பறிக்கிறவளுக்கு 'இலை' என்பது கூலிக்குக் கேடு. காய்ச்சுகிறவருக்கு 'இலை' என்பது அசலுக்கு அடையாளம். ஒரே சொல்லுக்குள் இரண்டு வர்க்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

1913 ஆகஸ்ட் 3, கலிஃபோர்னியாவின் வீட்லேண்டில் டர்ஸ்ட் என்பவரின் ஹாப் பண்ணை. சுமார் 1,500 பேருக்கு மட்டும் வேலை இருந்த இடத்துக்கு விளம்பரம் செய்து சுமார் 2,800 பேரை வரவழைத்திருந்தார்கள். பல மொழி பேசுகிறவர்கள். இந்தியாவிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கழிப்பிடங்கள் ஒன்பதோ என்னவோ. வயலில் குடிதண்ணீர் இல்லை, எலுமிச்சைச் சாறு காசுக்கு விற்றார்கள். இங்கேயும் இலை, காம்பு இல்லாமல் 'சுத்தமாக'ப் பறிக்க வேண்டுமென்ற கெடுபிடி. ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கத்தார் நடத்திய கூட்டத்தில் ஷெரீஃபின் ஆட்கள் புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்: மாவட்ட அரசு வழக்கறிஞர், ஒரு துணை ஷெரீஃப், இரண்டு தொழிலாளர்கள். யாரையும் சுட்டதாக நிரூபிக்கப்படாத ஃபோர்டு, சூர் என்கிற இரு சங்கத் தோழர்களுக்கு ஆயுள் தண்டனை.

பாட்டன் வழி ஹாப் என்றால், இந்த வழிதான்.

4

அதற்குப் பிறகு பறிக்கும் எந்திரம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் அது வேகமாகப் பரவி, 1960களில் லண்டன் குடும்பங்களின் செப்டம்பர்ப் பயணம் அநேகமாக முடிந்துபோனது. அதே காலத்தை ஒட்டித்தான் பீர் ஆலைகளுக்குக் குளிகை வந்தது. வீட்டில் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டணம் இங்கிலாந்தில் 1963இல் ஒழிந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் போன பிறகும் வீட்டுப் பீருக்கு வரிவிலக்கோடு கூடிய அனுமதி இல்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைத் தந்தது. வீட்டுக்குக் காய்ச்சல் திரும்பியபோது, பறித்த கைகள் பார்வையிலிருந்து போய்விட்டிருந்தன. 'அசல்' என்கிற ஏக்கம் பிறப்பதற்கு இதைவிடத் தோதான நேரம் எது?

குளிகைக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமில்லை. நடைமுறையில் இரண்டுக்கும் நியாயமிருக்கிறது. முழுக்கூம்பு அண்டாவின் அடியில் படுகையாகப் படிந்து தானே வடிகட்டியாகும். ஆனால் சாற்றை நிறையக் குடித்துவிடும், பை பெருத்து இடத்தை அடைக்கும், காற்றுப் பட்டால் சீக்கிரம் வீணாகும். குளிகை கரைந்து சேறாகும், தெளியவிட்டு இறுக்க வேண்டும். ஆனால் கசப்பைச் சற்றுக் கூடுதலாகத் தரும், குளிரில் நெடுநாள் நிற்கும். பை மேல் ஆல்ஃபா சதவீதம் அச்சிட்டிருப்பதால் பெரிய ஆலைக்காரர் வைத்திருந்த கணக்கு சாதாரண ஆளின் அடுப்படிக்கும் வந்துவிட்டது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தச் சதவீதம் கைகளை முழுசாகத் துடைத்தும்விட்டது. புஷலில் குறைந்தபட்சம் ஒரு சண்டை இருந்தது: அளக்கிறவனும் பறிக்கிறவளும் எதிரெதிரே நின்றார்கள். ஆல்ஃபா எண்ணில் யாரும் நிற்பதில்லை. அதனால் கைகள் இல்லையென்று ஆகிவிடாது. அமெரிக்க ஹாப்பில் பெரும்பகுதி விளையும் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில், வசந்த காலத்தில் கயிறு கட்டிக் கொடியை அதில் சுற்றிவிடுவது இன்றும் கைவேலைதான். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் செய்கிறார்கள்.

மரபு வேண்டுமென்கிறவரிடம் நாம் கேட்க வேண்டியது, யாருடைய மரபு என்பதோடு நிற்கக் கூடாது. அளந்தது யார், அமுக்கியது யார் என்றும் கேட்க வேண்டும்.