நெல்லும் சண்டை போடும்

தாதரில் வாங்கிய அரிசியில் பழுப்புப் புள்ளிகள். பொறுக்கும்போது வங்காளம் நினைவுக்கு வந்தது.

1942இல் அங்கே பழுப்புப்புள்ளிப் பூஞ்சணம் நெல்லைத் தாக்கியது. சின்சுரா, பாங்குரா பண்ணைக் கணக்குகளை வைத்து எஸ்.ஒய்.பத்மநாபன் 1973இல் எழுதினார்: சில ரகங்களில் 90 சதம் வரை சேதம். மறுவருடப் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். (பூஞ்சணம் மட்டுமா கொன்றது? போரும் பதுக்கலும் விலையேற்றமும்தான் அதிகம் கொன்றன என்பேன்.)

நெல் சும்மா இருக்கவில்லை. பூஞ்சணத்தின் சுவரில் கைட்டின் உண்டு. அதை மோப்பம் பிடிக்கும் நெற்புரதத்தை ஜப்பானியர்கள் 2006இல் அடையாளம் கண்டார்கள். அது மணியடித்தால் கைட்டினேஸ் என்ற இன்னொரு புரதம் வந்து அந்தச் சுவரையே வெட்டும். 1942இன் மழையும் மேகமூட்டமும் எதிராளி பக்கம் நின்றுவிட்டன.

போனில் அம்மாவிடம் சொன்னேன். "சரிடா, புள்ளி அரிசியைப் பொறுக்கிடு" என்றாள்.