"படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்பதற்கு முன்னால் ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண் பிள்ளை உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள். ஆண் பிள்ளை உள்ள வீட்டாரும்தான்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானாள். செய்தவன் அந்தப் பக்கத்தில் பிரியாணி விற்றவன். பிள்ளை பயந்து ஒதுங்கவில்லை, மறுநாளே பொலிஸில் முறைப்பாடு செய்தாள். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அவளுடைய பெயரும் விலாசமும் உள்ள முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து, கைபேசி கைபேசியாக ஊரெல்லாம் சுற்றியது. அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே பிழையை அவள் தலையில் போடுவது போல இருந்தது என்று நீதிபதிகளே பிறகு கண்டித்தார்கள்.

டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் ஒரு கட்டளை இட்டார்கள். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழு அமைக்க வேண்டும். அறிக்கை கசிந்ததற்காக அரசாங்கம் 25 இலட்சம் இந்திய ரூபா இடைக்கால நட்டஈடு கொடுக்க வேண்டும். பத்திரிகைகள் இதைத்தான் பெரிதாகப் போட்டன. ஒரு ஆசிரியையாக என் கண் நின்றது வேறு இடத்தில். அந்த மாணவியிடம் பல்கலைக்கழகம் எந்தக் கட்டணமும் அறவிடக்கூடாது, தங்குமிடமும் உளவள ஆலோசனையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும், அவள் படிப்பைத் தொடர இடமளிக்க வேண்டும் என்றும் அதே கட்டளை சொன்னது.

நல்லா யோசித்துப் பாருங்கள். குற்றவாளியைப் பிடிப்பது, தண்டிப்பது என்ற கதைக்கு அப்பால், நாளைக்குக் காலையில் இந்தப் பிள்ளை எங்கே போவாள், எங்கே படுப்பாள், பரீட்சைக்கு யார் காசு கட்டுவார் என்று ஒரு நீதிமன்றம் யோசித்திருக்கிறது. வழக்கும் இழுபடவில்லை. 2025 ஜூன் 2 இல் அவனுக்கு ஆயுள் தண்டனை. 30 வருடத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு.

இது ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. 1972 இல் மகாராஷ்டிராவில் ஒரு பழங்குடிப் பிள்ளையைப் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே இரண்டு பொலிஸ்காரர் நாசமாக்கினார்கள். உடம்பில் காயம் இல்லை, ஆகவே அவள் சம்மதித்திருப்பாள் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1978 இல் இருவரையும் விடுதலை செய்தது. அவளுடைய பெயராலேயே அந்த வழக்கு இன்றும் அழைக்கப்படுகிறது. நான் எழுதவில்லை. அதைப் பார்த்துப் பொறுக்காமல் உபேந்திர பக்சி, லொதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979 இல் பிரதம நீதியரசருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். (ஆசிரியர் தொழிலில் இப்படியும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு சின்னப் பெருமை எனக்கு.) பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். 1983 இல் சட்டம் மாறியது. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று அப்போதுதான் அங்கே எழுதப்பட்டது. எழுதி 36 வருடத்துக்குப் பிறகு, 2019 இல், பொள்ளாச்சி வழக்கில் அரசாங்க ஆணையிலேயே ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. சட்டப் புத்தகத்துக்கும் மனிதர் வாய்க்கும் அவ்வளவு தூரம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1975 இல் பேராதனையில் பகிடிவதை தாங்காமல் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து ஒரு மாணவி குதித்து உடல் செயலிழந்தாள். பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது 1998 இல், 20 ஆம் இலக்கம். இடையில் 23 வருடம்! பகிடிவதையோடு பாலியல் தொந்தரவும் சேர்ந்தால் பத்து வருடம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்பே, 1995 இன் 22 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக் கோவையைத் திருத்தி, சம்மதம் இல்லை என்று காட்ட உடம்பில் காயம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை எனச் சொல்லிவிட்டது. பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். "யாருடைய மகள், எந்த ஊர்?" என்று வட்ஸ்அப் குழுமத்தில் கேட்கிறவர்களும் பதில் போடுகிறவர்களும் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

கலியாணம் கட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். பங்களாதேஷ் அதைச் செய்து பார்த்தது. 1971 யுத்தத்தில் சிதைக்கப்பட்ட பெண்களை ஷேக் முஜிபுர் ரஹ்மான் "வீராங்கனை" என்று அழைத்தார். 1972 இல் புனர்வாழ்வுச் சபை அமைத்தார்கள், தொழில் பழக்கினார்கள், மாப்பிள்ளை தேடினார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பல குடும்பங்கள் அந்தப் பெண்களை ஏற்கவில்லை. கௌரவமாகக் கொடுத்த பட்டமே ஊரில் சுட்டிக்காட்டுகிற பெயராகிப் போனது. அவர்களை விடுதலைப் போராளிகளாகப் பதியத் தொடங்கியது 2015 இல். அதற்குள் எத்தனை பேர் மௌத்தாகிவிட்டார்கள்!

நமக்கு இதைவிடப் பழைய பாடம் இருக்கிறது. தொழுகைக்குப் போகிற வழியில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அவளிடம் நபி (ஸல்) அவர்கள், நீ போ, அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஏன் தனியாகப் போனாய் என்று கேட்டதாக அந்தச் செய்தியில் இல்லை. ஆயிஷா (ரழி) அவர்கள் மீது கட்டிய கதை வேறு வகை. அது வெறும் அவதூறு. ஆனாலும் ஊர் வாய்க்குள் அகப்பட்ட ஒரு பெண்ணின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்பது அங்கே விரிவாக இருக்கிறது. ஒரு மாதம் நோயில் படுத்திருந்தார்கள், வெளியில் பேசுவது தெரியாது. தெரிந்த பின் தூக்கம் இல்லை. அப்போது ஒரு அன்ஸாரிப் பெண் அனுமதி கேட்டு உள்ளே வந்தாள், பக்கத்தில் இருந்தாள், கூட அழுதாள். புஹாரியில் அவளுடைய பெயர்கூட இல்லை. புத்தி சொன்னதாகவும் இல்லை.

நம்ம பிள்ளைகள் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்று போகிறார்கள். ஒன்று நடந்துவிட்டால் வீட்டில் வருகிற முதல் பேச்சு, "படிச்சது போதும், வீட்டுக்கு வா." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் செய்தவன் பட்டம் எடுப்பான், இவள் அடுப்படியில் இருப்பாள். தொடர வேண்டுமா, ஒரு பருவம் விட்டுப் போக வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும்.

கூடப் படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. விட்டுப்போன விரிவுரைக் குறிப்பைக் கேட்காமலே எடுத்துக் கொடுங்கள். வரவு குறைந்தால் பரீட்சையில் பிரச்சினை வரும், மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பீடத்தில் கொடுக்க ஞாபகப்படுத்துங்கள். இரவில் வெளிச்சத்தை அணைக்காமல் படுக்க விரும்பினால் விடுங்கள். ஊருக்கு வருகிற பஸ்ஸில் பக்கத்தில் இருங்கள். என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னால் கேளுங்கள், கிண்ட வேண்டாம்.

வைத்தியசாலைக்குப் போவதைப் பிந்த விடவேண்டாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கிற மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தரிப்பைத் தடுக்கிற மாத்திரையும் எவ்வளவு நேரத்தோடு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் உடுப்பைக் கழுவாமல் கொண்டுபோங்கள். பல அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பகுதி இருக்கிறது, அங்கே தனியாகப் பேசலாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பதினெட்டுக்குக் கீழ் என்றால் 1929.

முறைப்பாடு கொடுத்திருந்தால், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறிய அவளுக்கு உரிமை உண்டு. 2015 இல் வந்த பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தந்தது, 2023 இல் அது புதுச் சட்டமாக வந்தது. நம் நாட்டில் வழக்கு சென்னை மாதிரி ஐந்தாறு மாதத்தில் முடிவது அபூர்வம். தவணை தவணையாகப் போகும். ஒவ்வொரு தவணைக்கும் கூடப் போக ஒரு உம்மாவோ சாச்சியோ, வாசலில் நிற்க ஒரு வாப்பாவோ காக்காவோ வேண்டும்.