டர்போ பொருத்துதல்: தமிழ்நாட்டில் ஒரு வரலாறு

டர்போசார்ஜர் இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியின் எஞ்சினில் பிற்பாடு டர்போசார்ஜரைச் சேர்ப்பது ‘டர்போ பொருத்துதல்’ எனப்படுகிறது. அதற்குத் தேவையான பாகங்களின் தொகுப்பு ‘டர்போ கிட்’. விளையாட்டுக் கார் வைத்திருப்போரிடையே இது உலகெங்கும் பரவலான பழக்கம். தமிழ்நாட்டில் டர்போ வேகத்துக்கான கருவியாக அறிமுகமாகவில்லை. முதலில் ரயிலையும் லாரியையும் இழுத்தது. கார்ப் பந்தயத்துக்கும் வீட்டுக் கார்களுக்கும் அது வெகுகாலம் கழித்தே வந்தது. இந்தத் தாமதத்தின் காரணங்களைப் பார்த்தால், டர்போவைப் பின்னால் சேர்ப்பது ஏன் கடினம் என்பதும் புரியும்.

செயல்முறை

எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் அளவை அதற்குக் கிடைக்கும் காற்று தீர்மானிக்கிறது. சாதாரண எஞ்சின் பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சும் காற்றை மட்டுமே பெறும். டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு முனையிலுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இந்தக் கூடுதல் அழுத்தமே ‘பூஸ்ட்’. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். வீணாகும் புகையின் ஆற்றலால் இயங்குவதால் இது சிக்கனமானது. ஆனால் புகை போதிய அளவு வரும்வரை பூஸ்ட் எழாது. இந்தத் தாமதம் ‘டர்போ லேக்’ எனப்படுகிறது.

கப்பல், விமானம், கார்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905ல் இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1920களின் நடுவில் இரு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் தந்த டீசல் எஞ்சின்கள் 2,500 தந்தன. விமானத்துறையின் தேவை வேறு. உயரே போகப்போகக் காற்று மெலிந்து எஞ்சின் திறன் குறையும். 1918ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினை ஏற்றிச் சென்றார். அந்த எஞ்சின் தரைமட்டத்தில் தந்த திறனை உச்சியிலும் தரவைக்க டர்போவால் முடியும் என்று அங்கே நிறுவினார்.

கார்களில் டர்போ 1962ல் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் என்னும் இரு கார்கள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. அழுத்திய காற்று சூடாகும். சூடான காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக்கின் பொறியிலிருந்து சீராக எரிந்து பரவுவதற்குள் ஆங்காங்கே தானாக வெடிக்கலாம். இதை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டனே உடையும். இதைத் தவிர்க்க, கோர்வேர் எஞ்சினின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. ஜெட்ஃபயரில் அதைக் குறைக்காமல், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் பலர் மறந்தார்கள். விற்பனையும் சரிந்து 1963உடன் அந்த மாடல் நின்றது. பின்னர் பல கார்களிலிருந்து டர்போ கழற்றப்பட்டது. பெரிய நிறுவனத்தின் தயாரிப்பிலேயே இது நடந்தது.

காவிரிப் படுகையில் டர்போ

தஞ்சாவூர்ப் பகுதிக்கு ரயில் 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு மாறியது. நூறாண்டுகளுக்கு மேல் படுகையின் இருப்புப்பாதைகளில் நீராவி எஞ்சின்களே ஓடின.

1960களில் இந்திய ரயில்வே அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பிலான டீசல் எஞ்சின்களைக் கொண்டுவந்தது. மீட்டர் கேஜ் பாதைகளுக்கான ஒய்டிஎம்-4 வகை, டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினால் சுமார் 1,400 குதிரைத்திறன் தந்தது. பொன்மலையில் பராமரிக்கப்பட்ட இந்த எஞ்சின்கள், தஞ்சாவூர் வழியாகச் செல்லும் மீட்டர் கேஜ் வண்டிகளை அகலப்பாதை வரும்வரை இழுத்தன.

நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது இவை கக்கிய கரும்புகையைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது டர்போ லேக்கின் காட்சி. ஓட்டுநர் விசையைக் கூட்டியதும் டீசல் உடனே அதிகரிக்கிறது. கனமான டர்போ வேகமெடுக்கச் சில வினாடிகள் ஆகின்றன. அதுவரை காற்று போதாமல் எரியாத கரி புகையாக வெளியேறுகிறது.

வயலில் நிலைமை வேறாக இருந்தது. போர்வெல்லிலும் வாய்க்கால் கரையிலும் தண்ணீர் இறைத்த ‘ஆயில் எஞ்சின்’ பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. அதில் புகை விட்டுவிட்டு வருவதால் டர்பைன் சீராகச் சுழலாது. எனவே அங்கே டர்போவுக்கு வேலையில்லை. இன்று சம்பா அறுவடைக்கு வரும் இயந்திரங்கள் பலவற்றிலும், நெல் ஏற்றிச் செல்லும் லாரிகளிலும் டர்போ டீசல் எஞ்சின்கள் உள்ளன.

டீசலுக்கு டர்போ எளிதில் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. டீசல் எஞ்சின் காற்றை மட்டுமே அழுத்துகிறது. எரிபொருள் கடைசி நேரத்தில் சேர்கிறது. எனவே பெட்ரோல் எஞ்சினை அச்சுறுத்தும் நாக்கிங் அங்கே தடையாக இல்லை. 1982ல் சென்னையில் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போசார்ஜர்களைத் தமிழ்நாட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்தது.

சோழவரம்: டர்போ இல்லாத வேகம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. தஞ்சாவூரிலும் போர்க்கால ஓடுதளம் உண்டு, அது இன்று விமானப்படைத் தளம். கார்ப் பந்தய மரபு வளர்ந்தது சோழவரத்தில். 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்கள் 1980கள் வரை தொடர்ந்தன.

அரச குடும்பத்தினரும் செல்வந்தர்களும் இறக்குமதிக் கார்களுடன் வந்தார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்றவை. இங்கிலாந்தில் ஹெரால்டின் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார் உருவானது. இங்கே இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பந்தய உதிரிபாகம் கிடைப்பது அரிது.

அதனால் எஞ்சினைத் திறந்து கையால் செய்யக்கூடிய வேலைகள் ஒரு கலையாக வளர்ந்தன. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டுவது, காற்று செல்லும் துளைகளை அகலமாக்கி மெருகேற்றுவது, கேம் தண்டை மாற்றுவது, கார்புரேட்டரைக் கூட்டுவது, வண்டியின் எடையைக் குறைப்பது ஆகியவை அவை. இவற்றுள் முதல் வேலை டர்போவுக்கு நேர் எதிரானது. டர்போ பொருத்த வேண்டுமானால் அழுத்த விகிதத்தைப் பொதுவாகக் குறைக்க வேண்டும்.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் டர்போ பந்தயத்தை மாற்றிக்கொண்டிருந்தது. 1977ல் ரெனோ ஃபார்முலா ஒன்னுக்கு டர்போவைக் கொண்டுவந்தது. 1979ல் முதல் வெற்றி. 1983ல் டர்போ எஞ்சினுடன் ஓட்டுநருக்கான முதல் உலகப் பட்டம். 1986ல் 1.5 லிட்டர் எஞ்சின்கள் தகுதிச் சுற்றில் 1,000 குதிரைத்திறனைத் தாண்டின. அதே 1986ல் ராலிப் பந்தயத்தின் ‘குரூப் பி’ பிரிவில், பெரும்பாலும் டர்போ கொண்டிருந்த அதிவேகக் கார்கள் உயிர்களைப் பறித்ததால் அந்தப் பிரிவே கைவிடப்பட்டது. ஃபார்முலா ஒன்றும் 1989ல் டர்போவைத் தடைசெய்து 2014ல்தான் மீண்டும் அனுமதித்தது.

தமிழ்நாட்டின் பாதை எளிய எஞ்சின்களை நோக்கிச் சென்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணத்தைவிட ஓட்டும் திறமை முன்வந்தது. 1990ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. ஃபார்முலா மாருதியில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார்.

கார்புரேட்டரின் முடிவு

பெட்ரோல் கார்களில் டர்போ பொருத்துவதற்கு இருந்த பெரிய தடை கார்புரேட்டர். அது உறிஞ்சப்படும் காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் கலக்கும் எளிய கருவி. பூஸ்ட் ஏறியதும் அதன் கணக்கு தவறும். பெட்ரோல் குறைந்தால் நாக்கிங், கூடினால் கரி. 2000ல் யூரோ-1க்கு இணையான மாசு நெறிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. ஈயம் கலந்த பெட்ரோலும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. கார்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தியும் அதை ஆளும் ‘ஈசியூ’ கணினியும் பிடித்தன. எரிபொருள் அளவையும் பொறியின் நேரத்தையும் கணினியில் மாற்றியெழுத முடிந்தது. பெட்ரோல் காரில் டர்போ கிட் என்பது நடைமுறைச் சாத்தியமானது இதற்குப் பிறகே.

கிட் பொருத்தும் வேலை

டர்போவுடன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், டர்போவுக்கு எண்ணெய் வந்துபோகும் குழாய்கள், பெரிய இன்ஜெக்டர்கள் ஆகியவை முழுமையான கிட்டில் இருக்கும். பொருத்தியபின் ஈசியூவை டைனமோமீட்டரில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான சேதங்கள் இந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர்ப்பதால் நேர்கின்றன.

தமிழ்நாட்டின் வெப்பம் வேலையைக் கடினமாக்குகிறது. காவிரிப் படுகை கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளி. மலைப்பகுதியைப் போல அங்கே காற்று மெலிந்திருப்பதில்லை. ஆனால் கோடையில் வெப்பநிலை 40 டிகிரியை நெருங்கும். 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறைகிறது. அந்தக் காற்றை அரை பார் பூஸ்ட் அளவுக்கு அழுத்தினாலே 90 டிகிரியைத் தாண்டிவிடும். குளிர்நாட்டில் சரியாக இயங்கும் கிட் அதே அமைப்புடன் இங்கே நாக்கிங் தரலாம். பெரிய இன்டர்கூலர், குறைந்த பூஸ்ட், தரமான பெட்ரோல் ஆகியவை இங்கே கட்டாயம்.

எஞ்சின் தாங்கினாலும் மற்ற பாகங்கள் உள்ளன. கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், டயர் எல்லாம் பழைய திறனுக்கென வடிவமைக்கப்பட்டவை. நெல் காயும் சாலையிலும் குறுகிய வாய்க்கால் பாலத்திலும் கூடுதல் வேகத்தைவிட நிற்கும் திறனே முக்கியம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி திருத்துவதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்து இழப்பீட்டிலும் சிக்கலாகலாம். எனவே டர்போ கிட்டுக்குப் பொருத்தமான இடம் பந்தயத் தடமே. அங்கேயும் விதிகள் உண்டு. சென்னையின் எம்ஆர்எஃப் அணிக்காக கௌரவ் கில் 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வென்ற ஸ்கோடா ஃபாபியா ஆர்5 காரின் டர்போ, 32 மில்லிமீட்டர் வளையத்தின் வழியாகவே மூச்சுவிட வேண்டும் என்பது விதி.

மதிப்பீடு

2013ல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுடன் எக்கோஸ்போர்ட் வந்தது. 2019ல் ஹூண்டாய் வென்யூ, 998 சிசி டர்போ எஞ்சினிலிருந்து 120 குதிரைத்திறன் தந்தது. அது தயாரான ஆலையும் சென்னையின் பந்தயத் தடமும் இருப்பது ஒரே இருங்காட்டுக்கோட்டையில். பிஸ்டன், குளிர்விப்பு, கணினி, பிரேக் அனைத்தையும் டர்போவுக்கென்றே வடிவமைத்து நீண்டகாலம் சோதித்த பின்னரே தொழிற்சாலை வண்டியை விற்பனைக்கு விடுகிறது. கிட் பொருத்துபவர் அந்தச் சோதனை முழுவதையும் ஒரு பட்டறையில், ஒரே வண்டியில் செய்யும் பொறுப்பை ஏற்கிறார்.

பொன்மலைத் தொழிலாளர்களும் சோழவரத்து மெக்கானிக்குகளும் தங்கள் கையிலிருந்த எஞ்சினின் எல்லையை அறிந்து வேலை செய்தார்கள். டர்போ கிட் வாங்க நினைக்கும் மாணவருக்கு அவர்களின் வரலாறு விட்டுச்செல்லும் பாடமும் அந்த எல்லையை முதலில் அளந்துகொள்வதே.